இறந்தவரின் மார்ஃபின், கழற்றிய ஃபென்டனில் பேட்ச்: பராமரிப்பு இல்லத்தில் எப்படி அழிப்பது?

புது_இன்சார்ஜ் கேட்டது:

வணக்கம். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். முன்பிருந்த இன்சார்ஜ் வேலையை விட்டுப் போய்விட்டதால் கட்டுப்பாட்டு மருந்துகள் (போதைக்குத் தவறாகப் பயன்படக்கூடியதால் கணக்கு வைத்துப் பூட்டி வைக்கும் மருந்துகள்) இருக்கும் இரட்டைப் பூட்டு அலமாரியின் சாவி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. திறந்து பார்த்தால் தினமும் கொடுக்கிற மருந்துகளை விட, யாருக்கும் தேவைப்படாத மருந்துகள்தான் அதிகம்.

காலமான ஒரு பாட்டியின் அடர் மார்ஃபின் திரவம் இருக்கிறது. 30 மி.லி. பாட்டில், ஒரு மி.லி.யில் 20 மி.கி. ரெஜிஸ்டரில் இருப்பு 19 மி.லி. என்று இருக்கிறது, கண்ணால் பார்த்தால் அவ்வளவு இல்லை. மருத்துவமனைக்குப் போய்த் திரும்பி வராத ஒருவரின் ஃபென்டனில் பேட்ச் (தோலில் ஒட்டும் கடுமையான வலி மருந்து), பெட்டியோடு. டாக்டர் நிறுத்தச் சொன்ன ஆக்சிகோடோன் (இதுவும் மார்ஃபின் மாதிரி வலி மருந்து) மாத்திரை அட்டைகள். இவை போதாதென்று ஒரு பழுப்பு உறை, மேலே "கீழே விழுந்தவை" என்று மட்டும் எழுதி, உள்ளே உதிரி மாத்திரைகள். யாருடையவை, என்றைக்கு விழுந்தவை, ஒன்றும் இல்லை.

மேலாளரிடம் சொன்னேன். "சிங்க்கில் ஊற்றித் தண்ணீரைத் திறந்து விடுங்கள், இன்னொரு ஆளிடம் கையெழுத்து வாங்கிக் கொள்ளுங்கள், முடிந்தது" என்றார். அந்த இன்னொரு ஆள் மருந்தைப் பார்க்கவே வேண்டாமாம், கையெழுத்துப் போட்டால் போதுமாம். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை பேட்ச் மாற்றும்போது பழையதைக் கையுறைக்குள் சுருட்டிச் சாதாரணக் குப்பையில் போடுவதுதான் இங்கே பழக்கம். உபயோகித்து முடிந்த பேட்ச்தானே, அதில் என்ன இருக்கப் போகிறது என்கிறார்கள். சரியா?

---

பழைய_சாவி எழுதியது:

சிஸ்டர், மனசு ஒப்பாதது நல்லதற்குத்தான். ரொம்ப காலம் இந்தச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

அழிப்பதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம். முதலில் எண்ண வேண்டும். இன்றைக்கே, உங்கள் ஆளாகவும் பழைய இன்சார்ஜின் ஆளாகவும் இல்லாத ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, அலமாரியில் இருக்கிற ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து எண்ணுங்கள். சாவி கைமாறும்போது செய்திருக்க வேண்டிய வேலை அது. இனிமேல் செய்தாலும், "நான் பொறுப்பேற்றபோது இருந்தது இது" என்று சொல்ல ஒரு தேதி இருக்கும். ஒரு மாசம் கழித்து எண்ணினால் குறைகிறதெல்லாம் உங்கள் தலையில்தான் விழும்.

எண்ணுவதிலும் எண்ணுவது இருக்கிறது. மாத்திரை அட்டையை முன்பக்கம் பார்த்துக் குமிழ்களை எண்ணிவிட்டு வைத்துவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள். பின்பக்கத் தாளில் பிளேடால் கீறிய மெல்லிய கோடு இருக்கும், மேலே ஒளி ஊடுருவுகிற டேப் ஒட்டியிருக்கும், விரலால் தடவினால்தான் தெரியும். உள்ளே மாத்திரை இருக்கும். ஆனால் அது ஆக்சிகோடோனாக இருக்காது, அதே நிறத்தில் அதே அளவில் இருக்கிற ஏதோ ஒரு சாதாரண மாத்திரை. மாத்திரையின் மேல் பொறித்திருக்கும் எண்ணும் எழுத்தும் பக்கத்துக் குமிழில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பேட்ச் பெட்டியையும் அப்படித்தான், பெட்டியை எண்ணாமல் உள்ளே இருக்கிற உறைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு உறையும் நான்கு பக்கமும் ஒட்டியபடி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மார்ஃபின் பாட்டிலுக்கு வருவோம். கண்ணளவு வேண்டாம். சுத்தமான வாய்வழி சிரிஞ்சில் இழுத்து அளந்து, சாட்சிக்குக் காட்டி, எண்ணிக்கையை எழுதுங்கள். புதிதாக எழுதுங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய வரியில் அடித்தல் திருத்தல் கூடவே கூடாது. "ரெஜிஸ்டர்படி 19, அளந்தது இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு", தேதி, நேரம், இரண்டு கையெழுத்து. அவ்வளவுதான். கணக்கு உதைத்தால் உதைக்கிறபடியே எழுத வேண்டும். அதை நேராக்குவது உங்கள் வேலையில்லை. ஏன் உதைக்கிறது என்று விசாரிக்கவேண்டியவர்களுக்கு அந்த உதைப்புத்தான் கையில் கிடைக்கும் ஒரே நூல்.

திரவத்தில் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அதற்காகப் பதறவும் வேண்டாம். சிரிஞ்ச் நுனியில் ஒரு துளி, பாட்டில் கழுத்தில் ஒரு துளி என்று போகும். ஆனால் கம்பெனியில் அடைக்கும்போது குறிப்பிட்ட அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே அடைப்பது வழக்கம் என்பதால், நான் பார்த்தவரை மிச்சம் கூடுவதுதான் அதிகம். குறைந்தால் மேலே சொல்லியே ஆகவேண்டும். இன்னொரு விஷயம்: அளவு அச்சு அசலாகச் சரியாக இருந்தாலும், அந்த மருந்தின் வழக்கமான நிறமும் பிசுபிசுப்பும் இல்லாமல் தண்ணீர் மாதிரி ஓடினால் அதையும் எழுதுங்கள். எடுத்ததைத் தண்ணீர் ஊற்றி ஈடுகட்டுவது இந்தத் துறையின் பழைய தந்திரம்.

பழுப்பு உறை. எனக்கு இந்த உறைகளைக் கண்டாலே ஆகாது. கீழே விழுந்த மாத்திரை, நோயாளி துப்பிய மாத்திரை, வேண்டாமென்று தள்ளிய மாத்திரை, எல்லாம் "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒரு உறைக்குள் போகும். உறைக்குள் போனதும் அது எந்தக் கணக்கிலும் இல்லாத மருந்தாகிவிடும். கணக்கில் இல்லாததை எடுத்தால் யாருக்குத் தெரியும்? இப்போது இருப்பதை ஒவ்வொன்றாக, மேலே உள்ள பொறிப்போடு, "உரியவர் தெரியவில்லை" என்று எழுதி உறையை ஒட்டி இரண்டு பேரும் ஒட்டின இடத்தின் மேலேயே கையெழுத்துப் போடுங்கள். இனி ஒரு மாத்திரை விழுந்தால் அந்த ஷிஃப்ட்டிலேயே, சாட்சியோடு, மருந்தை அழிப்பதற்கென்று வைத்த கலனுக்குள் போய்விடவேண்டும். விழுந்ததற்கு ஒரு வரி, அதற்குப் பதிலாகப் புதிதாக எடுத்ததற்கு ஒரு வரி.

இனி உங்கள் பேட்ச் கேள்வி. மற்ற எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் கவலை. "உபயோகித்து முடிந்த பேட்ச்" என்று ஒன்று கிடையாது. மூன்று நாள் உடம்பில் இருந்துவிட்டுக் கழற்றும் ஃபென்டனில் பேட்சில் மிச்சமிருக்கும் மருந்தை ஆய்வகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். முதலில் இருந்ததில் 28 சதவீதத்திலிருந்து 84 சதவீதம் வரை அப்படியே இருந்திருக்கிறது. குழந்தைகள் இந்த பேட்சுகளில் மாட்டிக்கொண்ட 26 சம்பவங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ. 2012-இல் எச்சரிக்கையாக வெளியிட்டது. பத்துக் குழந்தைகள் இறந்துபோயின. அந்த 26 பேரில் 16 பேர் இரண்டு வயதோ அதற்குக் குறைவோ. தாத்தா பாட்டியைப் பார்க்க வருகிற குழந்தை தரையில் தவழ்கிறது, ஏதோ ஸ்டிக்கர் என்று எடுத்து ஒட்டிக்கொள்கிறது, வாயில் போட்டுக்கொள்கிறது. நம் இல்லத்திலேயே நினைவு தப்பியவர்கள் எத்தனை பேர் குப்பைக்கூடையைக் கிளறுகிறார்கள்! இதெல்லாம் தெரியாமல் நடப்பவை. தெரிந்தே குப்பையிலிருந்து பழைய பேட்சைப் பொறுக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

நான் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன். மாற்றும் நேரத்தில் இரண்டு பேர் கட்டிலருகே நிற்க வேண்டும். கையுறை. முதலில் பழையதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், எந்த இடத்தில் ஒட்டினோம் என்று சார்ட்டில் இருக்கும். உரித்து, ஒட்டுகிற பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து விளிம்பை அழுத்தி மூடி, அந்த இடத்திலேயே கலனில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் கையெழுத்து. அதற்கப்புறம்தான் புதியது. பசை விரலில் பட்டுவிட்டால் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். சோப்பு, ஸ்பிரிட் போட்டால் மருந்து தோலுக்குள் இன்னும் வேகமாக இறங்கும்.

பழைய பேட்ச் உடம்பில் இல்லையென்றால்? "எங்கேயாவது விழுந்திருக்கும்" என்று புதியதை ஒட்டிவிட்டுப் போகக் கூடாது. முதுகு, தோள்பட்டை, மடிப்புகள், போர்வை, தலையணை உறை, சக்கர நாற்காலி இருக்கை, சலவைக்குப் போன துணி, எல்லாம் பார்க்கவேண்டும். ஒரு தடவை பக்கத்துக் கட்டில்காரர் முழங்கையில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் கட்டியணைத்து விடைபெற்றுக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள். அகப்படவில்லையென்றால் அது காணாமல் போன கட்டுப்பாட்டு மருந்து, அப்படியே எழுதித் தெரிவிக்கவேண்டும்.

சாட்சி விஷயத்தில் மேலாளர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பார்க்காமல் போடுகிற கையெழுத்தை நம்பித்தான் திருடுகிறவர் திருடுகிறார். சாட்சி என்றால் எண்ணுவதிலிருந்து மருந்து கலனுக்குள் விழுந்து மூடி மூடப்படும் வரை கண்ணெடுக்காமல் நிற்பவர். நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளையைக் கூப்பிட்டு "இங்கே ஒரு சைன் போடு" என்றால் அது மறுக்கவா போகிறது? மறுத்துப் பேசக்கூடிய ஒருவரைத்தான் சாட்சியாகக் கூப்பிட வேண்டும். ஒரே ஜோடி எப்போதும் சேர்ந்து கையெழுத்துப் போடுவதும் நல்லதில்லை, மாற்றி மாற்றி வையுங்கள்.

சிங்க்கில் ஊற்றுவது பற்றி மருந்தாளுநர் யாராவது சொல்லட்டும், சட்டம் எல்லாம் எனக்கு அரைகுறை. உங்கள் நாடு எது என்றும் நீங்கள் சொல்லவில்லை.

---

மாத்திரைக்கணக்கு எழுதியது:

சிஸ்டர் சொன்னதில் மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. நான் மருந்தாளுநர், இல்லங்களுக்கு மருந்து வழங்கும் வேலை. விதி நாட்டுக்கு நாடு மாறும், அதனால் உங்கள் இல்லத்துக்கு உரிமம் கொடுத்த துறையின் விதியைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

எவையெல்லாம் கட்டுப்பாட்டு மருந்து என்ற பட்டியலே ஒன்றுபோல் இல்லை. நரம்பு வலிக்குக் கொடுக்கும் கபாபென்டின் பிரிட்டனில் 2019 ஏப்ரலிலிருந்து கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, அமெரிக்கக் கூட்டாட்சிப் பட்டியலில் இல்லை. மார்ஃபின், ஃபென்டனில், ஆக்சிகோடோன் இந்த இரண்டு இடத்திலும் கடுமையான பிரிவில்தான் இருக்கின்றன.

சிங்க் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், ஃபென்டனில் பேட்ச் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச்சீட்டில் சில இடங்களில் "மடித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுங்கள்" என்றே அச்சடித்திருப்பார்கள். மருந்தைத் திரும்பக் கொடுக்க வழியில்லாத வீடுகளுக்கான அறிவுரை அது. வீட்டில் குழந்தை ஒன்று எடுத்து ஒட்டிக்கொள்வதை விடச் சாக்கடைக்குப் போவது பரவாயில்லை என்ற கணக்கு. இப்படிக் கழிப்பறையில் விடலாம் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. வைத்திருக்கும் பட்டியலில் மார்ஃபினும் ஆக்சிகோடோனும் கூட இருக்கின்றன. இல்லத்துக்கு அது பொருந்தாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்துகளை முழுதாகப் பிரித்தெடுப்பதில்லை, ஆற்றுக்குப் போகிறது. அபாயக் கழிவு என்று வகைப்படுத்திய மருந்துகளை மருத்துவ நிறுவனங்கள் சாக்கடையில் விடுவதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2019 ஆகஸ்டில் இருந்து தடைசெய்துவிட்டது. மற்ற மருந்துகளையும் விடாதீர்கள் என்றே சொல்கிறது.

அமெரிக்காவில் 2014 வரை இந்த இல்லங்கள் திண்டாடின. மருந்து அங்கே தங்கியிருப்பவரின் சொத்து, இல்லத்துக்குப் போதைமருந்துத் தடுப்புத் துறையின் பதிவு பெரும்பாலும் கிடையாது, ஆகவே மருந்துக்கடைக்குத் திருப்பித் தரவும் வழியில்லை. அலமாரியில் குவிந்துகொண்டே இருந்தது, உங்கள் அலமாரி மாதிரி. 2014 அக்டோபர் 9 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அனுமதி பெற்ற மருந்துக்கடையோ மருத்துவமனையோ இல்லத்துக்குள்ளேயே ஒரு சேகரிப்புப் பெட்டியை வைத்துப் பராமரிக்கலாம். தரையோடோ சுவரோடோ அசையாமல் பொருத்திய பூட்டுப் பெட்டி. உள்ளே போடலாம், கை விட்டு எடுக்க முடியாது. உள்ளே இருக்கும் உறை தண்ணீர் புகாதது, கிழியாதது, வெளியே தெரியாதது, ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஒருவருக்கு மருந்து நிறுத்தப்பட்டாலோ, அவர் வேறிடம் போனாலோ, இறந்தாலோ மூன்று வேலை நாட்களுக்குள் அவருடைய மருந்து அந்தப் பெட்டிக்குள் போயிருக்கவேண்டும். நிறைந்த உறையைக் கழற்றும்போது மருந்துக்கடை ஆள் ஒருவரும் இல்லத்தின் மேற்பார்வை நர்ஸ் ஒருவரும் சேர்ந்து நிற்கலாம், அல்லது மருந்துக்கடை ஆட்களே இரண்டு பேர். கழற்றியதும் ஒட்டி மூடவேண்டும், அப்புறம் திறந்து பார்க்கவோ எண்ணவோ கூடாது. அதனால் எண்ணுவதெல்லாம் போடுவதற்கு முன்னால்தான், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இங்கிலாந்தில் வேறு முறை. நர்சிங் வசதி உள்ள இல்லம் உரிமம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுக்கவேண்டும். நர்சிங் இல்லாத தங்கும் இல்லம் மருந்துக்கடையிடம் திருப்பிக் கொடுக்கலாம். நர்சிங் இல்லத்தில் கட்டுப்பாட்டு மருந்தைக் கழிவாக அனுப்பும் முன்பே அதைச் செயலிழக்க வைக்கும் கலனில் போட்டுக் கெடுத்துவிடவேண்டும். பிளாஸ்டிக் ஜாடி மாதிரி இருக்கும், அடியில் தூள். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கிப் போடுவார்கள், திரவத்தை ஊற்றுவார்கள், ஆம்ப்யூலை உடைத்து மருந்தை விடுவார்கள், பேட்சை உறையிலிருந்து எடுத்து மேல்தாளை உரித்து மடித்துப் போடுவார்கள். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடிக் குலுக்கினால் தூள் கூழாக ஊறி எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளும். அது முழுதாக இறுக நேரம் எடுக்கும், ஜாடியின் மேல் எழுதியிருக்கும், ஒரு நாள் வரை ஆகலாம். அதுவரை ஜாடியும் அலமாரிக்குள்தான். கூழானபின் எரியூட்டும் கழிவோடு போகும். கோட்டுக்கு மேல் நிரப்பிக் கூழாகாமல் மாத்திரைகள் மிதந்ததைப் பார்த்திருக்கிறேன், கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம், இரண்டாவது ஜாடி எடுங்கள்.

ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? அமெரிக்காவில் மூன்று வேலை நாளுக்குள் போடச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் ஒருவர் இறந்துவிட்டால் அவருடைய மருந்துகளைக் குறைந்தது ஏழு நாள் வைத்திருக்கச் சொல்கிறார்கள், மரண விசாரணை அதிகாரி கேட்கக்கூடும் என்பதால். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் விதியைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இறப்பில் ஏதாவது சந்தேகம் இருந்தால் எந்த நாடானாலும் கேட்காமல் ஒரு துளியைக் கூட அழிக்காதீர்கள்.

இறந்தவர் வீட்டு மிச்ச மருந்தைப் பற்றி இவ்வளவு கெடுபிடி ஏன் என்று நினைப்பவர்கள் ஹரால்ட் ஷிப்மன் வழக்கைப் படிக்கலாம். இங்கிலாந்தில் குடும்ப டாக்டர், 15 கொலைகளுக்காக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். ஆயுதம் டையமார்ஃபின், மார்ஃபின் வகையிலேயே கடுமையான வலி மருந்து. அதை அவர் சேர்த்த வழிகளில் ஒன்று, இறந்துபோன புற்றுநோயாளிகளின் வீட்டில் மிஞ்சியதை "நானே அழித்துவிடுகிறேன்" என்று வாங்கிப் போனது. யாரும் எண்ணவில்லை, யாரும் கூட நிற்கவில்லை. விசாரணை ஆணையம் 2004-இல் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கென்றே தனி அறிக்கை எழுதியது.

---

இளைய_மகன் எழுதியது:

நான் நர்ஸ் இல்லை, மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். எங்கள் அப்பா இப்படி ஓர் இல்லத்தில்தான் கடைசி நாட்களில் இருந்தார். அவருக்கென்று நாங்கள் காசு கொடுத்து வாங்கிய வலி மருந்து முக்கால்வாசி மிச்சம். அத்தை ஒருவருக்கும் அதே வலி, அதே மருந்து. எடுத்துப் போகிறோம் என்றோம், தரமாட்டோம் என்றுவிட்டார்கள். எங்கள் பொருளை எங்களிடம் தராமல் அழிப்பது என்ன நியாயம் என்று அன்றைக்குச் சண்டையே போட்டேன். மேலே படித்ததும் கொஞ்சம் புரிகிறது, ஆனாலும் கேட்கிறேன். அது யாருடைய சொத்து?

---

மாத்திரைக்கணக்கு எழுதியது:

உங்கள் ஆதங்கம் புரிகிறது. பணம் உங்களுடையது, மருந்து அப்பாவுக்காக எழுதப்பட்டது. கட்டுப்பாட்டு மருந்தைப் பொறுத்தவரை அது யார் பெயருக்கு எழுதப்பட்டதோ அவருக்கு மட்டும்தான். அவர் இறந்ததும் அது இன்னொருவருக்குப் போகமுடியாது. அத்தைக்கும் போகமுடியாது, பக்கத்துக் கட்டில்காரருக்கும் போகமுடியாது. இல்லங்களில் "இவர் மிச்சத்தை அவருக்குக் கொடுத்துச் சமாளிக்கலாம்" என்று நடப்பதுண்டு, அதுவும் தப்புத்தான்.

சட்டத்தை விடுங்கள். மார்ஃபினுக்கு உடம்பு பழகிய ஒருவரின் அளவு, பழகாத ஒருவரின் மூச்சையே நிறுத்திவிடும். பேட்ச் இன்னும் மோசம். அத்தையின் டாக்டரிடம் அவருக்கென்று எழுதி வாங்குவதுதான் வழி. இல்லத்திடம் நீங்கள் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: என்ன மிஞ்சியது, எவ்வளவு, என்றைக்கு, யார் யார் முன்னிலையில் அழித்தார்கள் என்ற பதிவு. ஒழுங்கான இல்லம் அதைக் காட்டத் தயங்காது.

---

பழைய_சாவி எழுதியது:

தம்பி, சண்டை போட்டதற்காக வருத்தப்படாதீர்கள். எங்களில் பலர் அதைச் சொல்லும் விதமும் அப்படி. அழுதுகொண்டிருப்பவர்களிடம் போய் "மருந்தைத் தொடாதீர்கள்" என்றால் கோபம் வராதா? நான் இருந்த இடத்தில், சேரும் நாளிலேயே குடும்பத்திடம் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். அப்போது கேட்டால் யாருக்கும் உறைக்காது. அழிக்கும்போது குடும்பத்தில் ஒருவர் கூட நிற்க விரும்பினால் நிற்கட்டும் என்றும் விடுவோம்.

---

புது_இன்சார்ஜ் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எண்ணிவிட்டோம். பகல் ஷிஃப்ட் சீனியர் ஒருவர் கூட நின்றார், உரக்கப் பேசுகிறவர், மேலாளருக்கே அவரிடம் கொஞ்சம் பயம்.

பேட்ச் சரியாக இருந்தது. ஆக்சிகோடோன் அட்டை ஒன்றில் பின்பக்கம் டேப் இருந்தது அக்கா. நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன். உள்ளே இருந்த இரண்டு மாத்திரைகளின் பொறிப்பு வேறு. மார்ஃபின் 17.5 மி.லி. இருந்தது. 0.5 மி.லி. வீதம் 22 முறை கொடுத்ததாக எழுதியிருக்கிறது, அந்தக் கணக்குப்படி 19 இருக்கவேண்டும். ஒன்றரை மி.லி. என்றால் 30 மி.கி. மார்ஃபின். அப்படியே எழுதி மேலாளருக்கும் மருந்து வழங்கும் கடைக்கும் எழுத்து மூலமாகக் கொடுத்துவிட்டேன். மேலாளர் முகம் கறுத்துவிட்டது, ஆனால் சிங்க் பேச்சு நின்றுவிட்டது. எல்லாம் ஒட்டி அலமாரிக்குள்ளேயே தனித் தட்டில் இருக்கிறது. கழிவுக் கலனுக்குச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு சின்னக் கேள்விகள். மிடசோலாம் (அமைதிப்படுத்தும் ஊசி மருந்து) ஆம்ப்யூலில் பாதிதான் கொடுக்கிறோம், மீதியை ஊசியோடு ஊசிக் கலனில் போடுகிறார்கள், அது சரியா? இரவில் தகுதி பெற்ற நர்ஸ் நான் ஒருத்திதான். அப்போது பேட்ச் மாற்ற சாட்சிக்கு எங்கே போவேன்?

---

பழைய_சாவி எழுதியது:

எழுத்து மூலமாகக் கொடுத்தது ரொம்ப நல்லது. ஒரு பிரதியை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த டேப் ஒட்டிய அட்டையை இப்போதைக்கு யார் சொன்னாலும் அழிக்காதீர்கள், விசாரணை முடியும் வரை அது மருந்து இல்லை, தடயம். ஒன்றரை மி.லி.யை 22 முறைக்குப் பிரித்தால் ஒரு தடவைக்கு 0.07 மி.லி. கிட்ட வருகிறது. அளக்கிற கை கொஞ்சம் தாராளமாக இருந்தாலே அவ்வளவு போகும். அதனால் மார்ஃபினை வைத்து யாரையும் இப்போதே சந்தேகிக்க வேண்டாம், டேப் வேறு கதை. இனி திரவத்தை வாரம் ஒருமுறை அளந்து எழுதும் வழக்கத்தைக் கொண்டு வாருங்கள், பாட்டில் முடிந்தபிறகு அளந்தால் எந்த வாரத்தில் போனது என்று தெரியாது.

தனித் தட்டில் வைத்தது சரி, ஆனால் தனித் தட்டு என்பதால் எண்ணாமல் விட்டுவிடாதீர்கள். ஷிஃப்ட் மாறும்போது நடப்பு மருந்தை எண்ணுவது போலவே இதையும் எண்ணவேண்டும். யாரும் கேட்டு வராத மருந்து என்பதால்தான் அது அந்தத் தட்டிலிருந்தே சத்தமில்லாமல் நடந்து போகும்.

ஆம்ப்யூல் மீதியை ஊசிக் கலனில் திரவமாக விடாதீர்கள். கலனைச் சாய்த்து எடுப்பார்கள், ஊசி குத்திக்கொண்டாலும் எடுப்பார்கள். சாட்சி முன்னால் மீதியைச் செயலிழக்க வைக்கும் கலனுக்குள் பீய்ச்சிவிட்டு, வெறும் ஊசியையும் ஆம்ப்யூலையும் மட்டும் ஊசிக் கலனில் போடுங்கள். ரெஜிஸ்டரில் மூன்று எண்ணும் வரவேண்டும்: எடுத்தது 5, கொடுத்தது 2.5, அழித்தது 2.5. "மீதி அழிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் எவ்வளவு மீதி என்று நாளைக்குக் கேட்பார்கள்.

இரவுக்கு: தகுதி பெற்ற இன்னொரு நர்ஸ் இல்லாதபோது, பயிற்சி பெற்ற பராமரிப்பு உதவியாளர் சாட்சியாக நிற்கலாம் என்று சில இடங்களில் விதி விடுகிறது, சில இடங்களில் விடுவதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதை விட எளிதான வழி இருக்கிறது. பேட்ச் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதானே, ஒரு தடவை நேரத்தைச் சரிசெய்துவிட்டால் எப்போதும் அதே நேரத்தில்தான் வரும். டாக்டரிடம் சொல்லி எல்லா பேட்ச் நேரத்தையும் காலை ஷிஃப்ட் மாறும் வேளைக்குக் கொண்டு வந்துவிடுங்கள். போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் அப்போது இருவருமே இருப்பார்கள். மிச்ச மருந்து அழிப்பதையெல்லாம் இரவில் வைத்துக்கொள்ளவே வேண்டாம், அதில் அவசரம் ஒன்றுமில்லை. அவசரத்துக்கு ஊசி போட்டு மீதி வந்தால் மட்டும், உதவியாளரைக் கூப்பிட்டுக் காட்டி, அந்த நிமிஷமே முடித்து எழுதிவிடுங்கள்.